பன்னிரண்டு ஓட்டும் ஐம்பது சீட்டும்

ஜார்ஜீன் வோன்ட்ராக் நாற்பத்தைந்து வருடமாக ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் படுத்து எழுந்தவள். ஆனாலும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் ஐந்து தொகுதிகளில் குடியிருந்துவிட்டாள். அவள் ஊரான லிண்டன் பார்க்கில் இதை யாரும் அதிசயமாகப் பேசமாட்டார்கள். வீடு அங்கேயேதான் இருக்கும். பத்து வருடத்துக்கு ஒரு முறை, மக்கள்தொகைக் கணக்கு முடிந்த கையோடு, மாநிலத் தலைநகரில் இருக்கும் கனவான்கள் சிகாகோவின் மேற்குப் புறநகர் வரைபடத்தை மேசைமேல் விரித்துக்கொண்டு, கோட்டை இஷ்டத்துக்கு இழுத்துப் போடுவார்கள். அவ்வளவுதான் விஷயம்.

1969இல் லாடியைக் கட்டிக்கொண்டு அவள் அந்தச் செங்கல் வீட்டுக்கு வந்தபோது தொகுதி பார்ப்பதற்கு லட்சணமாக இருந்தது. கிழக்கே தொலைபேசித் தொழிற்சாலை, மேற்கே ஆறு, நடுவில் வரிசை வரிசையாக, செக் நாட்டிலிருந்து வந்து குடியேறிய பொஹீமியர் வீடுகள். ஒரு கசாப்புக் கடைக்காரரின் மகன் பதினோரு தடவை தொடர்ந்து ஜெயித்தார். ஊரில் எந்தச் சாவுக்கும் வந்துவிடுவார், மாவுருண்டையை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். பிறகு ரயில் பாதையை எல்லையாக வைத்துத் தொகுதியை இரண்டாக அறுத்தார்கள். அதற்கடுத்த முறை கோடு நேராக ஜார்ஜீன் வீட்டுத் தெருவின் நடுவிலேயே வந்து விழுந்தது. அதற்கும் அடுத்த முறை சுங்கச் சாலையை ஒட்டி வால் மாதிரி நீட்டிக்கொண்டுபோய், நாற்பது மைல் தள்ளியிருந்த கோல்ஃப் மைதானங்களோடு முடிச்சுப் போட்டார்கள். அந்த முறை ஜெயித்தவர் ஜூலை சுதந்திர தின ஊர்வலத்தில் காரில் நின்று கையசைத்ததோடு சரி, ஊருக்குள் கால் வைக்கவில்லை. இப்போது இருப்பது ஐந்தாவது. நீளக் காம்பு வைத்த கரண்டி போல இருக்கும். கல்குவாரியில் காம்பு தொடங்கி, காட்டுப் பூங்காவைக் கடந்து, புது வீட்டு மனைகள் இருக்கும் இடத்தில் கரண்டி அகலும். காம்பில் உழைக்கிற ஜனம், கரண்டியில் காசுள்ள ஜனம். இரண்டும் சரிக்குச் சரி. அதனால் அங்கே ஜெயிப்பவர் யாரும் நிம்மதியாக ஜெயிப்பதில்லை.

முப்பத்துநாலு வருடமாக ஜார்ஜீன் அங்கே வாக்குச்சாவடி அலுவலர். பொஹீமிய உடற்பயிற்சி மன்றத்தின் பழைய கூடம்தான் சாவடி. ஐந்து பேர் இருப்பார்கள், மூவர் ஒரு கட்சி, இருவர் மறு கட்சி. ஒருவரை ஒருவர் கண்காணிக்கட்டும் என்று சட்டம் அப்படி வைத்திருக்கிறது. அவர்களோ ஒருவருக்கொருவர் கேக் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஜார்ஜீன் குடியரசுக் கட்சி. அவளுக்கு எதிர்வீட்டு பெர்னடின் கில்ராய் ஜனநாயகக் கட்சி. தெரு நடுவில் கோடு விழுந்த பத்து வருடமும் இருவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வெவ்வேறு தொகுதிச் சீட்டில் ஓட்டுப் போட்டார்கள். பெர்னடினின் புருஷன் இறந்த வருடம் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து மேசையில் உட்காரவைத்தவளும் ஜார்ஜீன்தான்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு வாக்குச்சீட்டின் முதுகிலும் அலுவலர் ஒருவர் தன் இனிஷியலைப் போட்ட பிறகே வாக்காளர் கையில் கொடுக்க வேண்டும். இனிஷியல் இல்லாத சீட்டு மறு எண்ணிக்கையில் செல்லாது. வாக்காளர்மேல் ஒரு குற்றமும் இருக்காது, ஓட்டு மட்டும் போய்விடும். இந்த வேலை ஜார்ஜீனுடையது. கூட்டமில்லாத நேரத்தில் ஐம்பது சீட்டுள்ள முழுக் கட்டுக்கும் முன்கூட்டியே இனிஷியல் போட்டு வைத்துவிடுவாள். விதிப்புத்தகம் இதைப் பார்த்தால் முகம் சுளிக்கும். ஆனால் சாயங்காலக் கூட்டத்தை விதிப்புத்தகமா வந்து சமாளிக்கப்போகிறது? போட்டு முடித்ததும் பேனாவை மூடி, கட்டின்மேல் குறுக்கே வைப்பாள். பேனா மூடிக் கிடந்தால் கட்டு தயார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்த நவம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்குப் புதுக் கட்டைப் பிரித்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். சுவரோரம் அவளுடைய ஸ்லோ குக்கர் என்னும் மின்சாரச் சட்டியில் புளித்த பாலாடை போட்ட மாட்டிறைச்சிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அடி பிடிக்கிற வாசனை வந்தது. ஒரு கிளறு கிளறிவிட்டு வந்துவிடலாம் என்று எழுந்தாள். கரண்டியை வைத்தாளோ இல்லையோ, ஃப்யூஸ் போய்க் கூடம் இருண்டது. இருட்டில் யாரோ இடிக்க, சட்டி சாய்ந்து சீட்டு மேசைவரை குழம்பு. வாசலில் நாற்பது பேர் வரிசை. சீட்டை விழுங்கும் இயந்திரத்துக்கு பேட்டரி இருந்தது, அது பாட்டுக்கு ஓடியது. ஃப்யூஸ் பெட்டி எங்கே இருக்கிறது என்பது ஜார்ஜீனுக்கு மட்டுமே தெரியும். நிலவறைக்கு ஓடினாள். அந்தத் துருப்பிடித்த பெட்டியோடு மல்லுக்கட்டி மேலே வர அரைமணிக்குமேல் ஆகிவிட்டது.

வரும்போது ஓய்வுபெற்ற பல் டாக்டர் வெண்டல் ஹூக்ஸ்ட்ரா அவள் நாற்காலியில் உட்கார்ந்து, கைவிளக்கு வெளிச்சத்தில் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். எதிரே நின்றவர் பக்கத்து வீட்டு எலியாசர் மோந்தோயா. ஐம்பத்தெட்டு வயதில் குடியுரிமை வாங்கி, முதல் ஓட்டுப் போடக் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னாலேயே ஜார்ஜீனும் தன் சீட்டை வாங்கி, எரிச்சலோடு வட்டத்தை நிரப்பி, முதுகைக்கூடத் திருப்பிப் பாராமல் இயந்திரத்தில் தள்ளினாள்.

கூடத்தைப் பூட்டும்போதுதான் வாய்ச்சண்டை.

"ஜார்ஜீன், உன் குழம்பு ஒரு நாள் இந்த நாட்டையே கவுத்துடும் பாரு," என்றாள் பெர்னடின்.

"நானாவது சமைச்சு எடுத்துட்டு வர்றேன். நீ முப்பது வருஷமா கடையில வாங்கின டோனட்டைத் தவிர என்னத்தடி கொண்டுவந்தே?"

பெர்னடின் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அவள் வீட்டில் சமையல் செய்தது எல்லாம் அவள் புருஷன். அவன் போனபின் அடுப்பு பற்றுவதே அபூர்வம். ஜார்ஜீனுக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னாள், சொன்ன அடுத்த நிமிடமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை. அன்றிலிருந்து எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு இருவரும் பேச்சில்லை.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. இரண்டரை லட்சம் ஓட்டில் ஜனநாயகக் கட்சியின் பெண்மணி, பள்ளிக் குழு உறுப்பினராக இருந்தவர், பன்னிரண்டே ஓட்டில் முன்னால் இருந்தார். குடியரசுக் கட்சியின் இன்சூரன்ஸ்காரர் மறு எண்ணிக்கை கேட்டார். ஒவ்வொரு சாவடிப் பெட்டியையும் திறந்து, ஒவ்வொரு சீட்டையும் முதுகைத் திருப்பிப் பார்ப்பார்கள் என்று டிவியில் சொன்னார்கள். ஜார்ஜீன் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். 'முதுகைத் திருப்பி' என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்குத் திறந்து கிடந்த பேனா ஞாபகம் வந்தது. அந்தக் கட்டில் அவள் இனிஷியல் போடவேயில்லை.

உடனே வெண்டலுக்குப் போன் போட்டாள்.

"அந்தக் கட்டுல இனிஷியல் இருந்துச்சா, டாக்டர்?"

"உன் கட்டுல எப்பவும் இருக்குமே. பதினோரு வருஷமா நான் திருப்பிப் பார்த்ததே இல்ல. வாயைத் தொறக்கிற ஆளுக்குப் பல்லு இருக்கும்னு நம்பித்தானே குனிவேன்?"

"நீங்க போட்டீங்களா?"

"நான் எதுக்குப் போடணும்? நீதான் போட்டிருப்பியே."

போனை வைத்துவிட்டு ஜார்ஜீன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். லாடி விளையாட்டுப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்த அம்பதும் போனா நம்ம ஆளு ஜெயிச்சுடுவாரே," என்றான். "உனக்கென்ன நஷ்டம்?"

"புத்தி இருக்கா உனக்கு? சாயங்காலம் அஞ்சு மணிக்கு வேலைவிட்டு வர்ற ஜனம் ஜனநாயகக் கட்சிக்குத்தான் போடும்னு ஊருக்கே தெரியும். அந்தக் கட்டு மட்டும் மொட்டையா இருந்துச்சுன்னா என்ன சொல்லுவாங்க? குடியரசுக் கட்சிக்காரி ஜார்ஜீன் வேணும்னே விட்டுட்டான்னு சொல்லுவாங்க. நான் தலைகீழா நின்னாலும் யாரு நம்புவா?"

லாடி பேப்பரை மடித்து வைத்தான். "நான் நம்புவேன்," என்றான்.

"நீ நம்பி என்ன ஆகப்போவுது?"

லாடியைச் சொல்லிக் குற்றமில்லை, அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். ஆனால் முப்பத்துநாலு வருடம் ஒரு ஓட்டைக்கூட இப்படி அப்படி ஆகவிடாமல் காத்தவளுக்கு 'உனக்கென்ன நஷ்டம்' என்ற கேள்வி முள்ளாகத் தைத்தது. தன் கட்சி ஜெயிக்கக்கூடாது என்று அவள் வாழ்க்கையில் ஒரு நாளும் வேண்டிக்கொண்டதில்லை. இப்போது வேண்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் மண்டியிட்டு அதையேதான் கேட்டாள், கேட்டுவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

தேர்தல் அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை காரைக் கிளப்பினாள். என்னவென்று சொல்வது? யாருமே போடவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால்கூடச் சொல்லலாம். சாவடியில் கண்ணில் எதுவும் படாமல் இருக்காது பெர்னடினுக்கு. அவளைக் கேட்கலாம். ஆனால் அவள் எதிர்க்கட்சி. கேட்டால் அது வாக்குமூலம். அதுவும் அந்த டோனட் பேச்சுக்குப் பிறகு எந்த முகத்தோடு போய்க் கதவைத் தட்டுவது?

இதற்கிடையில் மோந்தோயா வேலியோரம் நின்று கூப்பிட்டார். "மிஸஸ் வோன்ட்ராக், மறுபடி எண்ணுறாங்களாமே. என்னோடதையும் எடுத்துப் பார்ப்பாங்களா?"

"எல்லாரோடதையும் பார்ப்பாங்க."

"எம் பொண்ணுகிட்ட சொன்னேன், அப்பா ஓட்டையும் சேர்த்துத்தான் அந்தப் பன்னிரண்டுன்னு." அவர் சிரித்தார். "எண்ணிட்டாங்கன்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்றேன்," என்றவள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

டிசம்பர் முதல் வாரம் மாவட்டக் கிடங்கில் அவர்கள் சாவடிப் பெட்டியைத் திறந்தார்கள். ஏதாவது விளக்கம் தேவைப்பட்டால் கேட்கலாம் என்று அலுவலர்களையும் வரச்சொல்லியிருந்தார்கள். நீள மேசையின் ஒரு பக்கம் ஒரு கட்சி, மறுபக்கம் மறு கட்சி. இரண்டு பக்கமும் வக்கீல்கள். ஜார்ஜீன் இந்தப் பக்கம். பெர்னடின் நேரெதிரே, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இவளைப் பாராமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு பெண் ஊழியர் சீட்டை எடுப்பாள், முதுகைத் திருப்புவாள், சொல்வாள்.

"இனிஷியல் இருக்கு. ஜி.வி."

"இனிஷியல் இருக்கு. ஜி.வி."

காலைச் சீட்டுகள் அடியில், சாயங்காலத்தவை மேலே என்று அநேகமாக விழுந்த வரிசையிலேயே இருந்தன. அடியிலிருந்து எடுத்தார்கள். நூறு, இருநூறு. ஜார்ஜீன் ஒவ்வொன்றையும் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். இருநூற்றெழுபதைத் தாண்டியதும், இனி அந்தக் கட்டுதான் என்று கைக்குட்டையை முறுக்கத் தொடங்கினாள். இந்தப் பக்கத்து வக்கீல், அதாவது அவள் கட்சி வக்கீல், நாற்காலி நுனிக்கு நகர்ந்திருந்தார். இனிஷியல் இல்லாத ஒரு சீட்டுக்காகவே மூன்று வாரமாகச் சாவடி சாவடியாக அலைகிற மனிதர்.

ஊழியர் அடுத்த சீட்டைத் திருப்பினாள். ஒரு நொடி நின்றாள். கண்ணாடியை மேலே தள்ளினாள். ஜார்ஜீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இனிஷியல்... இருக்கு. பி.கே."

வக்கீல் எட்டிப் பார்த்தார். சின்னதாக, கோணலாக, பென்சில் பெட்டியில் குழந்தை பேர் எழுதின மாதிரி இரண்டு எழுத்து. பி.கே. பெர்னடின் கில்ராய். அடுத்ததும் பி.கே. அதற்கடுத்ததும் பி.கே. ஜார்ஜீனுக்கு மூன்று வாரமாக நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது கண்வழியே வந்துவிடப் பார்த்தது. மூக்கைச் சிந்துகிற சாக்கில் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். எதிரே பெர்னடின் இன்னும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐம்பதில் முப்பதோ என்னவோ முடிந்திருக்கும். ஒரு சீட்டின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கட்டைவிரல் தடம். ஓட்டு இன்சூரன்ஸ்காரருக்கு. உடனே எதிர்ப்பக்கத்து வக்கீல், பெர்னடின் கட்சிக்காரர், கையைத் தூக்கினார்.

"ஆட்சேபணை. வாக்காளர் யாருன்னு காட்டுற அடையாளக் குறி இருக்கு. செல்லாதுன்னு அறிவிக்கணும்."

ஜார்ஜீனுக்கு அந்தத் தடம் யாருடையது என்று தெரிந்துவிட்டது. நிலவறையிலிருந்து வந்தபோது குழம்பும் துருவுமான கையைத் துடைக்காமல் ஓட்டுப் போட்டவள் அவள்தான். என்னுடையது என்று வாயைத் திறந்தால் அடையாளம் உறுதியாகிவிடும், ஓட்டு போச்சு. சும்மா இருந்தாலும் போகலாம். அவள் மேசையைப் பார்த்தபடி இருந்தாள்.

எண்ணிக்கையை நடத்திய அதிகாரி கேட்டார். "இது என்னன்னு யாருக்காவது தெரியுமா?"

நாற்காலி நகரும் சத்தம். எழுந்தவள் பெர்னடின்.

"எனக்குத் தெரியும் சார். அது மாட்டிறைச்சிக் குழம்பு."

"என்னது?"

"அன்னைக்கு ஃப்யூஸ் போயி சட்டி கவுந்துடுச்சு. சீட்டுக் குடுக்கிற மேசை பூரா குழம்பு. அதுக்கப்புறம் வந்தவங்க பாதிப் பேரு கையில அதுதான். என் ஸ்வெட்டர் கையில பாருங்க, மூணு தடவை துவைச்சும் போகல." உண்மையாகவே கையை நீட்டிக் காட்டினாள். "அதை வெச்சு யாரையும் அடையாளம் சொல்ல முடியாது."

அவள் கட்சி வக்கீல் அவள் பக்கம் சாய்ந்து, "மேடம், நீங்க நம்ம பக்கம்," என்றார், மெதுவாகத்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும் தம்பி. உங்க வயசைவிட அதிகமா நான் அந்தப் பக்கம் இருந்திருக்கேன். குழம்பு குழம்புதான்."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எண்ணுங்க," என்றார்.

அந்த ஐம்பதில் முப்பத்தாறு பள்ளிக் குழுப் பெண்மணிக்கு. பதின்மூன்று இன்சூரன்ஸ்காரருக்கு. ஒன்று யாருக்கும் குறியிடாத வெற்றுச் சீட்டு. மறு எண்ணிக்கை முழுதும் முடிந்தபோது அந்தப் பெண்மணி ஒன்பது ஓட்டில் ஜெயித்தார். அந்தக் கட்டு மொட்டையாக இருந்திருந்தால் முடிவு தலைகீழாக மாறியிருக்கும், பழி இந்தத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் வந்து விழுந்திருக்கும். ஜார்ஜீனின் கட்சி தோற்றது. நிம்மதியில் அவளுக்கு அது உறைக்கவேயில்லை.

ஆனால் அதெல்லாம் அப்புறம். அன்று கிடங்கு வாசலில், கார் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்த பெர்னடினிடம் போய் நின்றாள்.

"எப்போடி போட்டே?"

"நீ கீழே ஓடினப்ப. கட்டு கிடந்துச்சு, பக்கத்துல பேனா தொறந்து கிடந்துச்சு. நீ பேனாவை மூடாம எந்திரிச்சு நான் பார்த்ததே இல்ல. திருப்பிப் பார்த்தேன், ஒண்ணுலயும் இல்ல. விளக்கைப் பல்லுல கடிச்சுக்கிட்டு அம்பதுலயும் போட்டேன். அப்புறம்தான் அந்தப் பல் டாக்டர் வந்து உக்காந்தாரு. அவரு எதையாவது பார்த்தாத்தானே."

"ஏன் எங்கிட்ட சொல்லல? மூணு வாரமா செத்துட்டேன் நான்."

பெர்னடின் சுரண்டுவதை நிறுத்தினாள். "உன் சீட்டு முதுகுலயே என் எழுத்து இருந்துச்சே. நீ பார்த்திருப்பேன்னு நெனச்சேன். பார்த்துட்டும் ஒரு வார்த்தை சொல்லாம, டோனட்டைச் சொல்லிக் குத்திக்காட்டுறாளேன்னு எனக்கு ஆத்திரம்."

ஜார்ஜீன் காரின் மறுபக்கக் கண்ணாடியைக் கையாலேயே தேய்க்கத் தொடங்கினாள். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றாள். "தப்பு. பெரிய தப்பு."

"ஆமா, தப்புதான்."

"அது என் சீட்டுன்னு தெரிஞ்சுதானே எந்திரிச்சுப் பேசினே?"

"வேற யாரு கை கழுவாம ஓட்டுப் போடுவா? அது போயிருந்தா எங்களுக்கு இன்னும் ஒரு ஓட்டு லாபம். ஆனா அப்புறம் ரெண்டு வருஷம் உன் புலம்பலை யாரு கேக்கிறது? எதிர்வீட்டுல இருக்கிறவ நான்தானே." சுரண்டியைக் காருக்குள் எறிந்தாள். "அடுத்த தடவை அந்தச் சட்டியை வேற சுவத்து பிளக்குல சொருகு. கொண்டுவராம மட்டும் இருந்துடாதே."

ஜார்ஜீன் வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போது மோந்தோயா தன் பாதையோடு இவர்கள் பாதையிலும் பனியை அள்ளிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் மண்வாரியைப் பனியில் குத்தி நிறுத்தினார். கேட்கத் தயங்கி நின்றார்.

அவர் யாருக்குப் போட்டிருப்பார் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். வேலியருகே போனாள்.

"உங்க ஓட்டை எண்ணிட்டாங்க, மிஸ்டர் மோந்தோயா," என்றாள். "என் கண்ணு முன்னாலேயே எண்ணினாங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா. என்னோடதும் அதே கட்டுலதான் இருந்துச்சு."